மூன்றாம் மாடிக் கடல்

எங்கள் அலுவலகம் பெருங்குடியில். கடற்கரை மூன்று கிலோமீட்டருக்குள்தான். கிழக்குக் காற்று வீசும் மாலைகளில் மொட்டைமாடியில் நின்று உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். அப்பேர்ப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் கடலை வாளியில் விலைக்கு வாங்கினேன், ஜி.எஸ்.டி.யோடு.

எல்லாம் வாஸ்துவில் ஆரம்பித்தது. அலுவலகத்தைப் பார்வையிட்ட நிபுணர், வடகிழக்கு மூலையில் நீர் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தட்சிணையோடு போய்விட்டார். நிர்வாகம் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வரவேற்பறையில் வைத்தது. தங்கமீன்கள் வந்தன; போயின. மறுபடி வந்தன, மறுபடி போயின. புதிதாகச் சேர்கிற பையன்களாவது மூன்று மாதம் தாக்குப்பிடிப்பார்கள். ஐந்தாவது ஜோடி மிதந்த அன்று, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பவளப்பாறைத் தொட்டி பற்றிய வீடியோக்களை நள்ளிரவு வரை பார்த்துப் பார்த்து மூளை ஏற்கெனவே நீலமாகியிருந்தது. "சார், என்கிட்ட விடுங்க. உப்புத் தண்ணியில வளர்க்கலாம்" என்றேன்.

மேலாளர் கண்ணை மூடி யோசித்தார். "உப்பா? நல்லதுதான்யா. திருஷ்டி கழியும்."

அனுமதி கிடைத்தது.

முதல் தடங்கல் கணக்குப் பிரிவில். என் விண்ணப்பத்தில் 'பவளம்' என்ற சொல்லைப் பார்த்ததும் மேடம் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "பவளமா? மோதிரத்துக்கா? யாருக்குத் தம்பி செவ்வாய் தோஷம்?" நான் விளக்கி முடிப்பதற்குள் எனக்கே ஒரு சந்தேகம் வந்து சட்டத்தைப் புரட்டினேன். புரட்டியது நல்லதாயிற்று. பாறை கட்டும் கடினப் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதாவது புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. வெளிநாட்டு வீடியோக்களில் அவர்கள் சர்வசாதாரணமாகப் போடுகிற பவளப்பாறைத் துண்டைக்கூட இங்கே தொட முடியாது. வரவேற்பறையில் ஒரு புலியைக் கட்டிப்போடுவதும் அதுவும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான்.

இதில் எனக்கு மனக்குறை இல்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று படித்திருப்போம். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. இரண்டு தீவுகளைக் காரை பூசியே கரைத்த ஜனங்களிடம் சட்டம் கொஞ்சம் கறாராகத்தான் இருக்கும்.

ஆகவே சுட்ட களிமண்ணில் செய்த ஓட்டைப் பாறைகளை வாங்கினேன். பவளம் இல்லாத பவளப்பாறைத் தொட்டி. வெல்லம் போடாத சர்க்கரைப் பொங்கல் மாதிரி. இலையில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அடுத்தது தண்ணீர். பக்கத்தில்தான் வங்காள விரிகுடா இருக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, இருபது லிட்டர் கேன் இரண்டோடு நீலாங்கரைப் பக்கம் போனேன். பேன்ட்டை முட்டிவரை மடித்துக்கொண்டு இறங்கும்போது ஒரு பெரியவர் பரிவோடு கேட்டார்: "அப்பாவுக்கா தம்பி, அம்மாவுக்கா?" அஸ்தி கரைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை, தண்ணீர் எடுக்க வந்தேன் என்றதும் இன்னும் அதிகமாக இரக்கப்பட்டார். கேனில் வந்ததில் பாதி மணல், ஒரு ஷாம்பு பாக்கெட், ஒரு சாமந்திப்பூ. நகரத்துச் சாக்கடை கலக்கும் கரையோரத் தண்ணீரை நம்பி மீன் விடாதே என்று அனுபவசாலிகள் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். கேட்டிருக்கலாம்.

அப்படித்தான் வாளிக் கடல் வந்தது. செயற்கைக் கடலுப்பு என்று பெயர். சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கலக்க வேண்டும். எங்கள் தொட்டி விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர். பாறையும் மணலும் போக 45 என்று வைத்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் உப்பு. தொட்டியைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் தவறாமல் கேட்ட கேள்வி: "ஏன் சார், நம்ம தூத்துக்குடி கல் உப்பு போட்டா ஆகாதா?"

ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் ஜிப்சமாகச் சுண்ணச் சத்து படிந்துவிடுகிறது. பிறகு சோற்றுப்பு விளைகிறது. மக்னீசியம் எல்லாம் மிச்சத் தண்ணீரிலேயே தங்கி வெளியே போகிறது. நாக்குக்கு எது வேண்டாமோ அதை நீக்குவதுதான் உப்பளத்தின் வேலை. நாக்குக்கு வேண்டாத அந்தச் சரக்கெல்லாம்தான் கடல் பிராணிகளுக்கு வேண்டும். இதை நான் நாற்பது பேருக்கு விளக்கியிருப்பேன். தணிக்கைக்கு வந்தவர் மட்டும் சமாதானமாகவில்லை. 'உப்பு' என்று நாலு இலக்கத் தொகை எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டி, "இவ்வளவு உப்பு வாங்கியிருக்கீங்க, கேன்டீன் சாம்பார்ல ஒண்ணையும் காணோமே?" என்றார்.

தண்ணீர் ஊற்றியாயிற்று, மோட்டார் ஓடுகிறது, விளக்கு எரிகிறது. மீன் எங்கே?

"இன்னும் ஆறு வாரம் ஆகும் சார். இப்ப பாக்டீரியா வளர்த்துட்டிருக்கேன்."

மேலாளர் இதைத் தன் வாழ்நாளில் எதிர்பார்த்திருக்க மாட்டார். அழுகலிலிருந்து அம்மோனியா வரும். அதைத் தின்று ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும். அதைத் தின்று இன்னொரு வகை நைட்ரேட் ஆக்கும். முதலிரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது பரவாயில்லை. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு ஃபைல் நகர்கிற கதைதான். இரண்டு மேசையிலும் ஆள் நியமனமாகி உட்காரும் வரை நாலு முதல் ஆறு வாரம். இதைத் தொடங்கிவைக்க ஒரு இறால் துண்டை உள்ளே போட்டு அழுகவிட்டேன். வரவேற்பறைப் பெண் சுத்த சைவம். அந்த ஆறு வாரமும் அவர் ஊதுபத்தி கொளுத்தினார். வந்த வாடிக்கையாளர்கள் ஏதோ கோயில் நிர்வாக அலுவலகம் என்று நினைத்திருக்கலாம்.

நான் தினமும் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். மஞ்சள் நிறத் திரவத்தோடு மேசையில் உட்கார்ந்திருப்பவனைப் பற்றி ஓர் அலுவலகம் என்ன முடிவுக்கு வரும்? "சுகரா சார்? எவ்ளோ இருக்கு?" என்று நாலு பேர் விசாரித்தார்கள். ஒருவர் வெந்தயம் கொண்டுவந்து கொடுத்தார்.

ஏழாவது வாரம் கொளத்தூர் போனேன். சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர்தான், தெருத்தெருவாகக் கண்ணாடி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு வாங்கினேன். கடலில் பிடித்தவை அல்ல, பொரிப்பகத்தில் பிறந்தவை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்து வெகுகாலம் ஆயிற்று. பஸ்ஸில் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது: வாளி உப்பு, களிமண் பாறை, கடலைக் கண்ணால் பார்த்திராத மீன். என் கடலில் கடலிலிருந்து வந்தது என்று ஒன்றுமே இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மீசை மாமா வந்தார். சிவப்பு முதுகில் நடுவே வெள்ளைக் கோடு, உடம்பைவிட நீளமாக வெள்ளை மீசை. துப்புரவு இறால் என்பார்கள். மீன் மேலிருக்கும் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். கடலில் பிடித்தது என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். மூன்றாம் மாடியில் கடலைப் பார்த்த ஒரே ஜீவன். வந்த மூன்றாம் வாரமே மாமா மல்லாந்து கிடந்தார். வரவேற்பறைப் பெண் அழுதேவிட்டார். குழு மெயிலில் இரங்கல் வந்தது. மறுநாள் காலை பாறைக்குப் பின்னாலிருந்து மாமா மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார். செத்தது ஆள் அல்ல, சட்டை. இறால் வளர வளர ஓட்டை உரிக்கும் என்பதை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

கோமாளி மீன்கள் விஷயம் வேறு மாதிரி. எல்லாமே ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அடுத்தது அதன் புருஷன். மற்றவை வரிசையில் காத்திருக்கும். பெண் செத்தால் புருஷன் பெண்ணாகப் பதவி உயர்வு பெறும், வரிசையில் அடுத்தது புருஷனாகும். மனிதவளப் பிரிவுக்காரர் இதைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். ஒரு காலியிடம் எப்படித் தாமதமில்லாமல், நேர்காணல் இல்லாமல் நிரப்பப்படுகிறது!

வேலை என்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு முடியும் என்றுதான் பதினெட்டு வருஷமாக நம்பியிருந்தேன். தொட்டிக்கு அது தெரியாது. வாரக்கடைசியில் ஏசியை அணைத்துவிடுவார்கள். தண்ணீர் 26 டிகிரியில் இருந்தால் நல்லது. மே மாதச் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் 32 ஆகிவிடும். தனியாகக் குளிரூட்டும் கருவி கேட்டால் கணக்கு மேடம் மறுபடி மூக்குக்கண்ணாடியை இறக்குவார். ஆக, வீட்டு ஃப்ரிட்ஜில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரை உறையவைத்து ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போனேன். வாசலில் காவலாளி அண்ணன் பதிவேட்டை நீட்டினார். 'வருகையின் நோக்கம்' என்ற கட்டத்தில் 'அலுவல்' என்று எழுதினேன்.

"ஞாயித்துக்கிழமை அலுவல்னா மேனேஜர் மெயில் வேணும் சார்."

அடித்துவிட்டு 'ஐஸ்' என்று எழுதினேன். அதற்கு எந்த விதியும் தடையாக இல்லை. அந்தக் கோடையில் என் பெயருக்கு நேரே ஒன்பது முறை 'ஐஸ்' இருக்கிறது. என்ன பார்ட்டி நடக்கிறது என்று பிறகு ஒரு விசாரணைகூட வந்தது. மூடிய பாட்டிலை மிதக்கவிட்டு, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு ஆளில்லாத அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பேன். 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போயின. அதற்கு எத்தனை பாட்டில் வேண்டும் என்று சும்மா ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்; கால்குலேட்டரில் இடம் போதவில்லை.

மீசை மாமாவின் முடிவு நல்ல மனசால் வந்தது. தொட்டியில் தண்ணீர் தினமும் குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும். எனவே குறைந்ததற்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. இதை எல்லோருக்கும் பாடமாக எடுத்திருந்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர், என் மாணவர்களிலேயே கெட்டிக்காரர், தினமும் அளவு பார்த்து ஊற்றியிருக்கிறார். எதை? "ராத்திரி பூரா செம்புல இருந்த தண்ணி சார். உடம்புக்கு அவ்ளோ நல்லது."

செம்பு மனித உடம்புக்கு என்ன செய்யுமோ, இறாலுக்கு விஷம். நான் வந்தபோது மாமா அசையவில்லை. "சட்டையா இருக்கும் சார், காலையில வருவாரு பாருங்க" என்று எல்லோரும் தைரியம் சொன்னார்கள். மூன்று நாள் பாறைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசைக்காரர் செம்புப் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். இப்போது பிளாஸ்டிக்கில் குடிக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருஷமாயிற்று. போன வாரம் களிமண் பாறையின் பின்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. முட்டைகள். அம்மா முட்டையிட்டதோடு சரி. அப்பாதான் ராத்திரி பகலாகத் துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கிறது. ஏழெட்டு நாளில், விளக்கணைந்த பிறகு இருட்டில்தான் பொரிக்கும். குஞ்சுகளுக்கு முதல் ஆகாரம் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர். அதற்கு ஆகாரம் பச்சைப் பாசித் தண்ணீர். அந்தப் பாசித் தண்ணீர் பாட்டில் அலுவலகத்துச் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. யாரோ கீரை ஜூஸ் என்று நினைத்துப் பாதியைக் குடித்திருக்கிறார்கள். இன்னும் ஆள் அகப்படவில்லை. மெடிக்கல் லீவில் யாரும் இல்லாததால் கவலையும் இல்லை.

இன்று எட்டாம் நாள். ராத்திரி தங்குவதற்குப் பதிவேட்டில் இப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். 'வருகையின் நோக்கம்: பிரசவம்.' அண்ணன் படித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். வாழ்த்துச் சொல்ல வருகிறவர்கள் தாராளமாக வரலாம்; தயவுசெய்து விளக்கை மட்டும் போட்டுவிடாதீர்கள்.