சினிமா மாமா

மட்டக்களப்பிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள்: கண் ஆஸ்பத்திரி, கலியாணச் சேலை, கோயில் நேர்த்தி. நாலாவது காரணம் ஒன்றை வெளியே சொல்லாமல் மடியில் முடிந்துகொண்டு விமானம் ஏறுகிறவரும் உண்டு. அவர்தான் சினிமா மாமா. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஊருக்கு ஒருவர் இருப்பார். மேற்கே படுவான்கரையிலும் விசாரித்தால் கிடைப்பார். வயது எழுபதை ஒட்டியிருக்கும். ஓய்வுபெற்ற வாத்தியார், கச்சேரிக் கிளாக்கர், சங்கக்கடை மனேஜர் என்று ஏதாவது ஒன்றாக இருந்திருப்பார். ஆனால் ஊர் அவரைத் தேடி வருவது உத்தியோகத்துக்காக அல்ல. இரவு பத்து மணிக்கு, "மாமா, இந்தப் பாட்டு எந்தப் படம்?" என்று கேட்கத்தான்.

சாதாரண ரசிகர், டைட்டிலில் நடிகர் பெயர்கள் ஓடி முடிந்ததும் கச்சான் சுருளைப் பிரிப்பார். மாமா அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார். ஒலிப்பதிவு யார், கலை யார், படம் பிடித்தது எந்த ஸ்டூடியோ, கழுவியது எந்த லாபரட்டரி என்று வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் யாரும் மூச்சு விடக்கூடாது.

இந்தப் படிப்பை அவருக்கு ஊட்டியவை இரண்டு. முதலாவது இலங்கை வானொலி. படத்தின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் அறிவிப்பாளர் இசைத்தட்டில் ஊசியை வைப்பார். இரண்டாவது தட்டுப்பாடு. 1972இல் அரசின் திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது; இந்தியப் படங்களை இறக்குமதி செய்யும் பொறுப்பு அதன் கைக்குப் போனது. புதுப்படம் குறைய, ஓடித் தேய்ந்த பழைய படமே கோயில் திருவிழா மாதிரி வருடம் தவறாமல் திரும்பி வந்தது. முதல் தடவை கதையைப் பார்க்கலாம். அடுத்த தடவை நகைச்சுவையைப் பார்க்கலாம். அதற்குப் பிறகு என்ன செய்வது? மாமா கதாநாயகிக்குப் பின்னால் இருக்கிற படிக்கட்டைப் பார்க்கத் தொடங்கினார். இங்கே ஜமீன்தார் மாளிகையில் நிற்கும் படிக்கட்டுத்தான் அங்கே வில்லனின் பங்களாவில் நின்றது என்று ஊரில் முதலில் கண்டுபிடித்தவர் அவரே. கோடம்பாக்கத்தைக் கண்ணால் காணும் முன்னரே அதன் படிக்கட்டுகளில் ஏறி இறங்கிய மனுசன்.

அப்படிப்பட்டவரோடு சென்னைக்குப் போகும் பேறு எனக்கும் வாய்த்தது. மாமியும் வந்தார். மாமியின் திட்டம் எளிமையானது: காலையில் வடபழனி முருகன், மத்தியானம் தி.நகர் சேலைக்கடை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாமா தன் திட்டத்தை நுழைத்துவிட்டார்.

முதல் தரிப்பு ஜெமினி பாலம். 1973இல் கட்டிய அந்த மேம்பாலத்துக்கு அண்ணாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஓட்டோக்காரருக்கோ அது இன்றைக்கும் ஜெமினிதான். எஸ்.எஸ். வாசனின் ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது நட்சத்திர ஹோட்டல் நிற்கிறது. பார்க்க ஒன்றுமில்லை என்றால் மாமாவுக்குக் கொண்டாட்டம். பார்க்க ஏதாவது இருந்தால் அது அவருடைய பேச்சுக்கு இடைஞ்சல். ஓட்டோவை ஓரங்கட்டச் சொல்லி, ஒரு காலை வெளியே வைத்தார்.

"மனே, இஞ்சதான் சந்திரலேகா எடுத்தது. நாப்பத்தெட்டாம் ஆண்டு. முரசுக்கு மேல ஆடுற டான்ஸ் இரிக்கே, ஒவ்வொரு முரசுக்குள்ளயும் ஆள் மறைஞ்சு நிண்டு வெளிய பாயுற காட்சி, அதெல்லாம் இந்த மண்ணிலதான்."

"சார், இங்க வண்டி நிறுத்தக்கூடாது, போலீஸ் வரும்" என்றார் ஓட்டோக்காரர்.

"வரட்டும். அவருக்கும் சொல்லுவம்."

இரண்டாவது தரிப்பு வடபழனியில் விஜயா மால். நாகி ரெட்டியின் விஜயா வாகினி ஸ்டூடியோ ஒருகாலத்தில் இந்தப் பக்கத்தில்தான் பரந்து கிடந்தது. இப்போது மாலும் ஆஸ்பத்திரியும் கலியாண மண்டபமும் நிற்கின்றன. காலணியும் கைபேசியும் வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவே மாமா ஓர் ஐஸ்கிரீம் கடையைத் தேர்ந்தெடுத்து அதன் முன் நின்றார். படப்பிடிப்புத் தளம் அந்த இடத்தில்தான் இருந்ததா என்று கேட்டேன். ஏசி நன்றாக வருகிறது என்றார்.

"மாயாபஜார். ஐம்பத்தேழு. படகில போறாங்க, மேல நிலவு. அந்த நிலவு நிலவில்ல, மனே. மார்க்கஸ் பார்ட்லி வைச்ச லைட். நிலவு தண்ணியில விழுந்தா, நாம எங்க நிண்டு பார்த்தாலும் நேரா நம்மட காலடிக்குத்தான் வரும். வாவிக்கரையில பொறந்தவனுக்கு அது தெரியும். பார்ட்லிக்கு எப்பிடித் தெரிஞ்சதெண்டுதான் எனக்கு விளங்கல்ல."

"என்ன ஃப்ளேவர் சார்?" என்று கேட்டது கடைப் பிள்ளை.

"கறுப்பு வெள்ளை" என்றார் மாமா. வனிலாவில் சாக்லேட் ஊற்றிக் கொடுத்தது பிள்ளை. வாகினி ஸ்டூடியோவில் இன்னும் விசயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று மாமா சந்தோசப்பட்டார்.

மூன்றாவது தரிப்பு ஏவிஎம். அங்கே 2023 மே மாதம் திறந்த அருங்காட்சியகத்தில் பழைய கேமராக்களும் ஒலிப்பதிவுக் கருவிகளும் பழங்காலக் கார்களும் உண்டு. எங்களுக்குச் சுற்றிக்காட்ட வந்தவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பொடியன். மரியாதையாகப் பேசினான், சொன்னதெல்லாம் சரியாகத்தான் சொன்னான். அவனுடைய ஒரே குற்றம், சுற்றிக்காட்ட வந்தது.

சினிமா மாமாவின் கலைகளில் நடையை முதலில் சொல்லவேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். வழிகாட்டிக்கு அரையடி முன்னால் நடப்பார். அவர் எந்தப் பக்கம் கிறுகுகிறாரோ கூட்டமும் அந்தப் பக்கம் கிறுகும். பொடியன் வலது பக்கம் கை காட்டும்போது இடது பக்கம் ஏழெட்டுப் பேர் மாமாவைச் சுற்றி நிற்பார்கள்.

அடுத்தது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பிடுங்குவது.

"ஏவி. மெய்யப்பச் செட்டியார் ஏவிஎம் ஸ்டூடியோவை முதல்ல போட்டது சென்னையில இல்ல சார், வந்து..."

"காரைக்குடி."

"அங்க எடுத்த 'நாம் இருவர்' வெளிவந்தது..."

"நாப்பத்தேழு. மறு வருசம் கோடம்பாக்கம்."

"அப்புறம் சிவாஜி சாரோட முதல் படம் 'பராசக்தி'..."

"ஐம்பத்திரண்டு. அவர் முதல் வசனம் பேசின இடத்தில நினைவுச் சின்னம் வைச்சிரிக்கிங்களாமே?"

"கமல் சார் குழந்தையா நடிச்ச..."

"களத்தூர் கண்ணம்மா. அறுபது. தம்பி நல்லாச் சொல்லுறீங்க, சொல்லுங்க."

பாவம், பொடியனுக்குச் சொல்ல மிச்சமிருந்தது முற்றுப்புள்ளி மட்டும்.

மூன்றாவது கலை, கேள்வி. மாமா கேட்பவை கேள்விகள் அல்ல. விடை முன்கூட்டியே அவர் சட்டைப் பையில் இருக்கும். "சிங்களத்தில வந்த முதல் பேசும்படம் எங்க எடுத்தது, தெரியுமா தம்பி?" என்பார். தம்பி கொழும்பு என்பான். மாமா கண்ணை மூடித் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காகத்தானே கேள்வியே. "மதுரை. நாப்பத்தேழாம் ஆண்டு. 'கடவுணு பொரொந்துவ'. எடுத்தவர் எஸ்.எம். நாயகம், தமிழர்." கூட்டத்தில் ஒருவர் அதைக் கைபேசியில் குறித்துக்கொண்டார். மாமா எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கொடுத்தார்.

நாலாவது கலை எல்லாவற்றையும் விடப் பெரியது: எந்தப் பொருளைக் காட்டினாலும் அதை மட்டக்களப்பு வாவியில் கொண்டுபோய் இறக்குவது. ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைப் பொடியன் காட்டினான். அவ்வளவுதான். "ஒலிப்பதிவு எண்டாச் சொல்லுறன் கேளுங்க. எங்கட வாவியில மீன் பாடும். முழுநிலா இரவில கல்லடிப் பாலத்தடியில வள்ளத்தை நிப்பாட்டி, துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மேல் முனையில காதை வைச்சாக் கேட்கும். மைக்கேல் கல்லூரியில இரிந்த அமெரிக்கப் பாதிரியார், லாங் பாதர், அந்தச் சத்தத்தை டேப்பில எடுத்தவர். ரேடியோவிலயும் போட்டது." சொல்லிக்கொண்டே, இல்லாத துடுப்பைப் பிடித்துக் காதைச் சாய்த்துக் காட்டினார். கூட்டத்தில் இரண்டு பேர் தாங்களும் சாய்ந்தார்கள். பொடியனும் கொஞ்சம் சாய்ந்தான்.

பிறகு வந்தது விளக்குகள் இருந்த பக்கம். மாமா இதற்காகத்தான் காத்திருந்தார். ஒரு காலத்தில் இந்தப் பென்னம் பெரிய விளக்குகள் இல்லாமல் காட்சி எடுக்க முடியாது என்று பொடியன் சொல்லி வாய் மூடவில்லை.

"பாலு மகேந்திரா தெரியுமா?"

"தெரியும் சார். 'மூன்றாம் பிறை'."

"எண்பத்திரண்டு. ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது. எங்க ஆள்?"

பொடியன் விழித்தான். மாமாவின் மார்பு ஒரு அங்குலம் முன்னே வந்தது. "அமிர்தகழி. எங்கட மாமாங்கப் பிள்ளையாரடி. படிச்சது மைக்கேல் கல்லூரி. பள்ளிக்கூடத்தால கித்துல்கலைக்கு டூர் போன இடத்தில டேவிட் லீன் 'பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' எடுத்துக்கொண்டு நிண்டதைக் கண்டவர். அதோட விழுந்த விருப்பம்தான் பூனா வரைக்கும் கொண்டுபோய், கோடம்பாக்கத்தில விட்டது. நீங்க இந்த லைட்டைக் காட்டுறீங்க. எங்கட ஆள் வந்துதான் இதில பாதியை அணைச்சுப்போட்டு ஜன்னலைத் திறந்தவர்."

மாமாவைக் கேலி செய்ய நினைத்து எழுதத் தொடங்கிய எனக்கு இந்த இடத்தில் கை கொஞ்சம் தயங்குகிறது. சொன்னது அத்தனையும் உண்மை. செட்டை விட்டு வீட்டுக்கும் தெருவுக்கும் மலைக்கும் போய், இருக்கிற வெளிச்சத்திலேயே படம் பிடிப்பதைத் தமிழில் வழக்கமாக்கியவர்களில் முதல் வரிசைக்காரர் பாலு மகேந்திரா. 1988இல் 'வீடு' வந்தபோது அதன் கதாநாயகனே கட்டி முடியாத ஒரு நிஜ வீடுதான். கடைசிக் காலத்தில் அவர் சினிமாப் பட்டறை நடத்தியதும் இந்த ஸ்டூடியோக்களுக்குப் பக்கத்துச் சாலிகிராமத்தில்தான். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போன ஒரு பையன் ஸ்டூடியோவின் சுவரையே தேவையில்லாமல் செய்திருக்கும்போது, சுற்றுலா போகிற எங்கள் ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் திமிர் இருக்கத்தானே செய்யும்.

பொடியன் நல்ல மனதோடு கேட்டான்: "உங்க நாட்டுலயும் ஸ்டூடியோ இருந்துச்சா சார்?"

மாமா நடையை நிறுத்தினார். "இரிந்தது. கொழும்புக்குப் பக்கத்தில ஹெந்தளையில விஜயா ஸ்டூடியோ. குணரத்தினம் முதலாளிட. எண்பத்துமூணு யூலையில எரிச்சுப்போட்டாங்க. படச்சுருள் எல்லாம் போச்சு."

பொடியனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மாமாதான் அவனைக் காப்பாற்றினார். "சரி தம்பி, அடுத்த பக்கத்தைக் காட்டுங்க" என்றார். முழுச் சுற்றிலும் அவர் காட்டச் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். பழைய கார்கள் இருந்த இடத்தில் கையைப் பின்னால் கட்டாமல், பொடியனுக்குப் பின்னால், சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு நடந்தார். கார்களைப் பற்றி இலங்கை வானொலி ஒன்றும் சொல்லவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த ஒழுங்கு வாசல்வரைதான் நீடித்தது. படங்களின் தொடக்கத்தில் சுழலுமே, அந்த ஏவிஎம் உருண்டைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம். திரையில் சுவர் முழுக்க நிறைந்த உருண்டையை மாமா அண்ணாந்து பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். அறிவுக்கு அப்பாற்பட்டு அவர் வாயிலிருந்து வந்த ஒரே வாக்கியம் அது.

மாமி ஏற்கெனவே ஓட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார். "இஞ்சருங்க, சேலைக்கடையைப் பூட்டப்போறாங்க" என்று கூப்பிட்டார். பூட்ட இன்னும் ஆறு மணித்தியாலம் இருந்தது. ஆனால் மாமிக்கு மாமாவைத் தெரியும். அந்த நேரம் பார்த்து உள்ளே பொடியன் அடுத்த கூட்டத்துக்குத் தொடங்கினான். குரல் வாசல்வரை கேட்டது.

"பாலு மகேந்திரா சார் எந்த ஊர் தெரியுமா? மட்டக்களப்பு. அங்க பௌர்ணமி அன்னைக்குத் தண்ணிக்குள்ள மீன் பாடும். துடுப்புல காத வச்சா கேட்கும்."

மாமாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பேரப்பிள்ளைக்குப் புலமைப்பரிசில் கிடைத்தபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை. ஓட்டோவில் ஒரு காலை வைத்தார். மற்றக் கால் வரவில்லை. சிரிப்பு மெல்ல இறங்கி, நெற்றியில் ஒரு கோடு விழுந்தது.

"பாடுறது மீனா ஊரியா எண்டு இன்னும் வழக்கு முடியல்ல, மனே. இந்தப் பொடியன் மீன் எண்டே முடிச்சுப்போட்டான். லாங் பாதரையும் விட்டுட்டான்."

சட்டைப் பையைத் தடவிக்கொண்டு டிக்கெட் கொடுக்கும் இடத்தை நோக்கி மறுகாலும் நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் ஓடினேன். மாமி இறங்கவில்லை.

"நீங்க விடுங்க தம்பி, தி.நகருக்கு" என்றார் ஓட்டோக்காரரிடம். "அவர் இரண்டாம் காட்சி பார்த்துட்டு வருவார்."