ரெண்டு வட்டியும் அரை வட்டியும்

என் அத்தான் எங்கே தப்பி ஓடிவிடுவாரோ என்று இந்திய அரசுக்கு ஒரே பயம்.

ஆள் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். 1996-இல் போனவர். கம்பெனி கொடுத்த அறையில் ஆறு பேர், இரண்டடுக்குக் கட்டில், இவருக்கு மேல்தட்டு. ஓடுவதென்றால் முதலில் அந்தச் சின்ன ஏணியில் இறங்கியாக வேண்டும். முழங்கால் ஒத்துழைக்காது.

2004-இல் மடிப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் வாங்கினார். 20 லட்சம். பாதி வங்கிக் கடன், மீதி அவருடைய வியர்வையும் அக்காவின் கழுத்திலும் கையிலும் கிடந்ததும். இரண்டு வருடத்துக்கொரு தரம் வரும் லீவுகளை எல்லாம் கூட்டினாலும், அந்த வீட்டில் அவர் தூங்கியது ஒன்றரை வருடம் தேறாது. இந்தத் தூக்கக் கணக்குதான் விஷயமே. அவரைப் போல வெளிநாட்டு வேலைக்குப் போனவர் பொதுவாக ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்த மண்ணில் இருந்தால் நம்மவர். 181 என்றால் வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் வேற்றாள்.

மாமியாரைப் பார்த்துக்கொள்ள அக்கா மன்னார்குடி போனபிறகு வீட்டை வாடகைக்கு விட்டோம். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், மாதம் 15,000. உள்ளூர் வீட்டுக்காரர் என்றால் வாடகை மாதம் 50,000-ஐத் தாண்டினால்தான் குடியிருப்பவருக்கு வரிப் பிடித்தம் பற்றிய கவலையே. வெளிநாட்டில் இருப்பவர் வீடு என்றால் முதல் ரூபாயிலிருந்தே 31.2 சதவீதம். அதாவது ஜெராக்ஸ்காரர் மாதாமாதம் 10,320 மட்டும் கொடுத்துவிட்டு, 4,680-ஐ அரசுக்குக் கட்டி, அதற்கென்று 'டான்' எண் வாங்கி, மூன்று மாதத்துக்கொரு தரம் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மாட்டுவது அவர்தான். ஆடிட்டர் இதைச் சொன்னபோது மனிதர் என் முகத்தைப் பார்த்தார். "சார், பான் கார்டு இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு, கொரோனா ஊசி போட்ட சர்டிபிகேட்கூட இருக்கு. டான்னா என்ன சார்?" அடுத்த மாதமே காலி செய்துவிட்டார். பாவம், நல்ல மனிதர். கரண்ட் பில்லைக்கூட ஒருநாள் தாமதித்ததில்லை.

பிறகு 2024-இல் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. விற்றுவிடலாம் என்றார் அத்தான். பவர் பத்திரம் என் பேருக்கு வந்தது. அதிலிருந்து ஆடிட்டர் ஆபீஸ் வாசல்படி எனக்கு மனப்பாடம்.

வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 73 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார் என்றதும் அவர் மகன் இழுத்தான். "என்.ஆர்.ஐ. சொத்துன்னா எங்களுக்கு வேலை ஜாஸ்தி. மூணு குறைச்சுக்குங்க." இருபத்தெட்டு வருடம் வெளிநாட்டில் உழைத்ததற்குச் சந்தை கொடுத்த மரியாதை, மூன்று லட்சம் தள்ளுபடி.

அரசு கொடுத்த மரியாதை அதைவிடப் பெரிது. எதிர்வீட்டுக்காரர் இதே 70 லட்சத்துக்கு விற்றிருந்தால் வாங்குபவர் 1 சதவீதம் பிடிப்பார். 70,000. ஒரே ஒரு படிவம். அத்தானுக்கு 12.5 சதவீதம், அதன்மேல் சர்சார்ஜ், அதன்மேல் செஸ், ஆக 14.3. லாபத்தின்மேல் அல்ல, முழுத் தொகையின்மேல். 10 லட்சத்து ஆயிரம் ரூபாய். ஐயா, லாபத்துக்கு மட்டும் பிடியுங்கள் என்று அதிகாரியிடம் மனுப்போட்டுச் சான்றிதழ் வாங்க வழியுண்டு. போட்டோம். இருபது வருடத்துக் காகிதங்களைக் கேட்டார்கள். சமையலறையில் டைல்ஸ் போட்ட ரசீதை அக்கா பரணில் தேடிக்கொண்டிருந்தபோது, ஆசிரியரின் வங்கிக் கடன் ஒப்புதல் கெடு முடியும் தேதி வந்துவிட்டது. பிடித்தது போகட்டும் என்று நவம்பரில் கிரயம் முடித்தோம்.

ஒன்பதாயிரம் கோடி வங்கிக் கடனை அப்படியே வைத்துவிட்டு 2016 மார்ச்சில் விஜய் மல்லையா விமானம் ஏறினார். அன்றைக்கு வாசலில் நின்று பிடித்தம் செய்ய ஒருவரும் இல்லை. அங்கே போட்டிருக்க வேண்டிய பூட்டை எடுத்துவந்து மடிப்பாக்கம் ஃபிளாட்டுக்குப் பூட்டியிருக்கிறார்கள்.

சரி, பிடித்தது பிடித்தம். உண்மையான வரி எவ்வளவு? இங்கேதான் வயிறு எரிகிறது. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில், சொத்து வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கேற்ப ஏற்றிக் கணக்கிடும் சலுகையை நீக்கினார்கள். நாடே கத்தியது. ஆகஸ்டில் நிதியமைச்சர் இறங்கிவந்தார்: அந்தத் தேதிக்கு முன் வாங்கிய சொத்தென்றால் பழைய முறை, புதிய முறை இரண்டில் எதில் வரி குறைவோ அதைக் கட்டலாம். ஆனால் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். எதிர்வீட்டுக்காரரின் 20 லட்சம் பழைய முறையில் 64 லட்சத்துச் சொச்சமாக வளரும், லாபம் 5.75 லட்சம், வரி செஸ்ஸோடு சுமார் 1.20 லட்சம். அத்தானின் 20 லட்சம் 20 லட்சமாகவே நிற்கும். லாபம் 50 லட்சம், வரி 6.50 லட்சம். ஒரே கட்டடம், ஒரே வருடம், ஒரே விலை. சென்னையில் அரிசி விலை ஏறியபோது மஸ்கட்டிலிருந்து வந்த பணத்தில் அதே அரிசியைத்தான் அக்கா வாங்கினாள். பணவீக்கம் அவளை மட்டும் விட்டுவைத்ததா?

6.50 போக, பிடித்ததில் மிச்சம் 3.51 லட்சம் அரசிடம் மாட்டிக்கொண்டது. தை மாதம் முகூர்த்தம். மண்டபத்துக்காரரும் சமையல்காரரும் ரீஃபண்ட் வரும்வரை காத்திருப்பார்களா? மூன்றரை லட்சம் கைமாற்று வாங்கினேன், ரெண்டு வட்டிக்கு. மாதம் ஏழாயிரம். அந்த ஜனவரியில்தான் புவனேஸ்வரத்தில் பிரவாசி பாரதிய திவஸ் கொண்டாடினார்கள். 2024-இல் மட்டும் வெளிநாட்டு இந்தியர்கள் சுமார் 129 பில்லியன் டாலர் அனுப்பியதாக உலக வங்கி சொன்னது. டி.வி.யில் அந்தப் பாராட்டு மழையைக் கேட்டுக்கொண்டே புரோநோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

2025 தீபாவளியை ஒட்டி ரீஃபண்ட் வந்தது. கூடவே ஏழு மாத வட்டி, 12,000 சொச்சம். மாதம் அரை சதவீதம். நவம்பரிலிருந்து மார்ச்வரை பணம் அரசிடம் கிடந்ததற்கு அதுவும் கிடையாது. பிடித்த வரியை ஆசிரியர் கட்டத் தாமதித்திருந்தால் அவரிடம் மாதம் ஒன்றரை சதவீதம் வாங்கியிருப்பார்கள். எங்கள் தெரு கந்துவட்டிக்காரர்கூடக் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் இடையில் இவ்வளவு தூரம் வைப்பதில்லை. இன்னொன்று, அந்த அரை வட்டி அத்தானுக்கு வருமானமாம். அதற்கும் வரி உண்டு.

எல்லாவற்றையும் போனில் சொன்னேன். பின்னால் யாரோ சப்பாத்திக்கு மாவு தட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப மாப்ள, அந்த வருஷம் நான் ஊர்ல வந்து 182 நாள் படுத்துக் கெடந்திருந்தா?"

"அஞ்சு லட்சத்துக்கு மேல மிச்சம் அத்தான்."

"ஆறு மாசம் சேர்ந்தாப்ல வெளியே இருந்தா இங்க விசா போயிருமே" என்றவர், கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, கடன்காரருக்கு இந்த மாத வட்டி போட்டுவிட்டேனா என்று கேட்டார்.