அட்டவணையார்

காலை ஆறே முக்காலுக்குச் சித்தூர் பஸ் நிலையத்தில் திருப்பதி பஸ் ஏறினால், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தைப் பாருங்கள். மடியில் கட்டம் போட்ட நோட்டு, சட்டைப்பையில் ஸ்கெட்ச் பேனாக்களின் வரிசை, ஓயாமல் அசையும் உதடுகள். ஏதோ ஜபம் செய்கிறார் என்று நினைத்து, பக்கத்தில் உட்காரும் பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் உண்டு. ஜபம் இல்லை, ஜப்பானிய வினைச்சொல். இவர்தான் அட்டவணையார்.

வீடு சித்தூரில், வேலை திருப்பதியில். போக வர ஏறக்குறைய நூற்றுநாற்பது கிலோமீட்டர். "மத்தவங்க இந்த நேரத்தைத் தூங்கியே கழிக்கிறாங்க சார். நான் முதலீடு பண்றேன்" என்பார். பூத்தலப்பட்டு வருவதற்குள் முதலீடு குறட்டை விடத் தொடங்கியிருக்கும். சந்திரகிரியில் யாராவது கூடையை அவர் காலில் வைத்தால்தான் விழிப்பார். விழித்ததும் முதல் வேலையாக, "கேட்டல் பயிற்சி: 40 நிமிடம்" என்று பச்சை மையில் குறித்துக்கொள்வார். காதில் மாட்டியிருந்த பாட்டு அவ்வளவு நேரம் ஓடியது உண்மைதானே.

அவர் படிக்கும் மொழிகள் மொத்தம் ஏழு: சமஸ்கிருதம், இந்தி, கன்னடம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஜப்பானியம். ஏழுமலையான் ஊரில் வேலை பார்த்துக்கொண்டு ஆறோடு நிறுத்தினால் நன்றாகவா இருக்கும்? மொழிக்கு ஒரு நிறம். காலை நாலரைக்குச் சமஸ்கிருதம், காவி. ஐந்தேகாலுக்குப் பிரெஞ்சு, நீலம். ஆறு மணிக்குக் கன்னடம், மஞ்சள். பஸ்ஸில் ஜப்பானியம். மதியச் சாப்பாட்டோடு இந்தி. மாலை பஸ்ஸில் ரஷ்யன். இரவு சாப்பாட்டுக்குப் பின் ஜெர்மன். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டும் நிறம் கிடையாது. நாலரை மணி அலாரம் வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிடும், அவர் ஒருவரைத் தவிர.

அந்தப் பக்கம் பிறந்துவிட்டுப் பன்மொழி கற்காமல் இருப்பது மண்ணுக்குச் செய்யும் துரோகம் என்பது அவர் கட்சி. தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வடக்கு எல்லையாகச் சொல்லும் வேங்கடம் ஒரு பக்கம். தமிழகமும் கர்நாடகமும் ஆந்திரமும் முட்டிக்கொள்ளும் குப்பத்தில் 1997இல் வந்த திராவிடப் பல்கலைக்கழகம் இன்னொரு பக்கம். திருப்பதியிலேயே, 2020இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகம். "இத்தனைக்கும் நடுவுல குடியிருந்துட்டு நாம சும்மா இருந்தா எப்படி சார்?" என்று கேட்பார். நான் சும்மா இருக்கிறவன். பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொள்வேன்.

அவருடைய குலகுரு சார்லஸ் பிலிப் பிரௌன். 1820இல் பக்கத்துக் கடப்பைக்குக் கம்பெனி அதிகாரியாக வந்த வெள்ளைக்காரர். சொந்தச் செலவில் பண்டிதர்களை வைத்துக்கொண்டு ஏடுகளைத் திரட்டி, 1852இல் தெலுங்கு–ஆங்கில அகராதியைக் கொண்டுவந்தவர். அந்தப் பாதையில்தான் தானும் போவதாக அட்டவணையார் நம்புகிறார். ஒரே வித்தியாசம்: பிரௌன் பண்டிதர்களுக்குச் சம்பளம் கொடுத்தார், இவர் செயலிகளுக்குச் சந்தா கட்டுகிறார். அவற்றில் ஒரு பச்சை ஆந்தை, பாடம் படிக்காத இரவுகளில் கண்ணீர் விடும். ஆந்தை அழக்கூடாதே என்று பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் போர்வைக்குள் ஒரு பாடம் முடிப்பார். இப்படியே நானூறு நாள் விடாமல் படித்ததில், "என் மாமாவின் குதிரை ஆப்பிள் தின்கிறது" என்று ஜெர்மனில் பிசிறில்லாமல் சொல்ல வருகிறது. அவருக்கு மாமா மூன்று பேர். ஒருவரிடமும் குதிரை இல்லை.

விஞ்ஞானம் இல்லாமல் அவர் எதையும் செய்ய மாட்டார். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹவுஸ், பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடுகிறது, மறக்கப்போகும் சமயம் பார்த்துத் திரும்பப் படித்தால் நிற்கிறது என்பது அதிலிருந்து கிளைத்த பாடம். செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972இல் இதற்கு ஒரு பெட்டியே சொன்னார். ஐந்து அறைகள். அட்டையில் உள்ள சொல்லைச் சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் முதல் அறைக்கே திரும்பும். அட்டவணையார் ஒரு மைசூர்பாகு டப்பாவைக் கழுவாமல் ஐந்தாகத் தடுத்து, ஜப்பானிய அட்டைகளை அடுக்கினார். மறுநாள் பார்த்தால், முதல் அறையிலிருந்து ஐந்தாம் அறைவரை ஒரு தவறும் செய்யாமல் முன்னேறியிருந்தவை எறும்புகள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆந்தைக்கான பாடம் தவிர மொழிப் படிப்பு கிடையாது. அன்று அட்டவணைத் திருத்தம். ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் முழு அளவு சார்ட் பேப்பர். அவர் முட்டிபோட்டு அமர்ந்து, ரஷ்யனின் அரை மணி நேரத்தைப் பிடுங்கிப் பிரெஞ்சுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். சித்தூர் ஜில்லாவை 1911இல் உண்டாக்கினார்கள். 1960இல் திருத்தணியைப் பிரித்துச் சென்னை மாநிலத்துக்குக் கொடுத்தார்கள். 2022இல் திருப்பதியைத் தனி ஜில்லா ஆக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் சர்க்கார் இழுத்த கோடுகளைவிட, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இவர் இழுக்கும் கோடுகள் அதிகம். சர்க்காருக்கு எதிராகவாவது போராட்டம் நடந்தது. ரஷ்யனுக்காகக் கொடி பிடிக்க அந்த வீட்டில் ஆளில்லை.

காப்பி கொண்டுவந்த அவர் மனைவியிடம், "ரொட்டீன் இல்லாம உலகத்துல எதுவும் நடக்காதும்மா. நம்ம பெருமாளையே எடுத்துக்கோ" என்றார். "விடியற்காலையில சமஸ்கிருதத்துல சுப்ரபாதம். ராத்திரி தெலுங்குல அன்னமய்யா தாலாட்டு. மூணாவதா தமிழ்ல ஆழ்வார் பாசுரம். அவருக்கே தினமும் மூணு மொழி இருக்கு."

"இருக்குதுங்க. ஆனா பெருமாள் ஒரு நாளாவது டைம்டேபிளை மாத்தியிருக்காரா?"

"ஏன், மார்கழியில சுப்ரபாதத்தை நிறுத்திட்டு ஆண்டாளோட திருப்பாவையைத்தானே பாடறாங்க?"

அந்த அம்மா ஒரு நொடி யோசித்தார். "வருஷத்துக்கு ஒரு தடவை. அதுவும் எந்த மாசம்னு முன்னாடியே தெரியும்" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார். அட்டவணையார் காப்பியை ஆற்றிக்கொண்டே, "மார்கழி: சிறப்பு அட்டவணை" என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஆழ்ந்து கற்ற சொல் ஒன்று இருக்கிறது. அந்தச் சொல்லைப் பற்றி அவரே ஒரு நாள் பஸ்ஸில் எனக்கு வகுப்பெடுத்தார். வாக்குறுதி என்று பொருள்படும் ஓர் அரபுச் சொல் இந்திக்கு வந்தபோது 'வாய்தா', 'வாதா' என்று ஆனது. பொருள் அங்கேயும் வாக்குறுதிதான். தெலுங்கில் அதே 'வாயிதா' என்றால் ஒத்திவைப்பு. தமிழில் கோர்ட்டுப் படி ஏறி இறங்கியவர்களுக்கு வாய்தா என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. "பாத்தீங்களா சார், வடக்கே சத்தியமா கிளம்புன சொல்லு, நம்ம ஊர்ல வந்து இறங்கறப்போ 'அப்புறம் பாத்துக்கலாம்' ஆயிடுச்சு" என்று வியந்தார். இவ்வளவு அனுபவத்தோடு ஒரு சொல்லை விளக்கிய ஆசிரியரை நான் கண்டதில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவரோடு முழுநாளும் இருக்க வாய்த்தது. பஸ் கிளம்பும்முன் கண்டக்டர் "சில்லர லேதா அண்ணா?" என்றார். "லேதப்பா, உண்டே இவ்வனா?" என்று ஆரம்பித்து, ஐந்நூறு ரூபாய் நோட்டின் பிறப்பு வளர்ப்புவரை தெலுங்கில் வாதாடி, டிக்கெட்டோடு மீதியையும் வாங்கிவிட்டார். கோலாரிலிருந்து வந்த வயதான தம்பதி படியில் தயங்கி நின்றார்கள். "பன்னி, பன்னி, குத்கொள்ளி" என்று எழுந்து இடம் கொடுத்தார். வாருங்கள், உட்காருங்கள் என்று கன்னடத்தில் அவர் உபசரித்தது பக்கத்திலிருந்த ஆரணிக்காரருக்கு எப்படிக் கேட்டதோ, "பெரியவங்களைப் பாத்து என்ன பேச்சு இது?" என்று சட்டைக் கையை மடக்கினார். அவரைச் சித்தூர்த் தமிழில் சமாதானம் செய்ததோடு, அவர் மகளுக்கு வரன் பார்க்கும் விஷயம்வரை பேச்சு போயிற்று. திருப்பதியில் இறங்கியதும் வடநாட்டுக் குடும்பம் ஒன்று இலவச தரிசன டோக்கன் எங்கே என்று கேட்டது. வழியை இந்தியில் சொன்னார். ஆண்பால் பெண்பால் எல்லாம் இடம் மாறின, ஆனால் குடும்பம் சரியான வரிசையில்தான் போய் நின்றது.

மறுநாள் காலை பஸ்ஸில் நோட்டைத் திறந்து காட்டினார். முகம் வாடியிருந்தது. செவ்வாய்க்கிழமைக்கு நேரே ஏழு கட்டம், ஏழு பூஜ்யம்.

"என்ன சார், நேத்து கன்னடம் பேசினீங்களே?"

"அது ஜப்பானிய நேரம் சார். கன்னடம் அதுல வந்து உக்காந்தா ஆக்கிரமிப்பு."

"இந்தி?"

"நின்னுக்கிட்டே பேசினது. அட்டை எதுவும் பாக்கலையே."

"தெலுங்கு?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தெலுங்கா? அது பாட்டுக்கு எப்பவோ வந்துடுச்சு. படிச்சாத்தானே சார் மொழி!"

ஏழு கட்டங்களுக்கும் அப்பால், 'குறிப்பு' என்ற எட்டாவது கட்டத்தில் கறுப்பு மையில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: வாய்தா. எந்த மொழியில் எழுதினார் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் அதற்கும் ஒரு நிறம் தேடுவார்.