ஜேசிபிக்கு முன்னால் ஒரு நடை

? தோப்புக்குள் தொல்லியல் சர்வேக்கு ஆள் விட்டால் நிலமே கைவிட்டுப் போய்விடும் என்கிறார்களே?
*தென்னை விவசாயி, மீனாட்சிபுரம்*

போகாது. பார்ப்பது வேறு, எடுப்பது வேறு. ஓர் இடத்தைத் தேசியப் பாதுகாப்புச் சின்னமாக அறிவிக்க, 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சேபம் சொல்ல உங்களுக்கு 2 மாதம் தர வேண்டும். அறிவித்துவிட்டால் 100 மீட்டர் தூரத்துக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் பானை ஓடு கிடைத்த காடெல்லாம் சின்னமாவதில்லை. கீழடியில் தனியார் தென்னந்தோப்பில், மரங்களுக்கு நடுவேதான் குழி போட்டார்கள். பதிவு முடிந்த குழிகளை மூடி உரியவரிடமே ஒப்படைத்தார்கள்.

? சர்வே என்று வந்து என்னதான் செய்வார்கள்?
*கல்லூரி மாணவி, சித்தூர்*

நடப்பார்கள்! உழுது போட்ட காட்டில், விதைப்புக்கு முன், வரிசையாகத் தரையைப் பார்த்தபடி நடப்பார்கள். மேலே வந்த ஓடு, பாசிமணி, இரும்புக் கசடு எங்கே கிடந்தது என்று குறிப்பார்கள். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான ஓடு என்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறம் கறுத்தது, அனலும் காற்றும் பட்ட வெளிப்புறம் சிவந்தது. பெருங்கற்கால மக்கள் அங்கே இருந்ததற்கு அது முதல் தடயம். சோதனைக் குழியெல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் பாட்டி 'பாண்டவர் குழி' என்று காட்டிய மேடு இருந்தால் தவறாமல் சொல்லுங்கள்.

? பாலக்காட்டின் புதுச்சேரி பஞ்சாயத்தில் தொழில் நகரம் வரும் நேரத்தில் இதெல்லாம் முட்டுக்கட்டை இல்லையா?
*வியாபாரி, பாலக்காடு*

முட்டுக்கட்டை அல்ல, முன்னேற்பாடு. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை அனுமதித்த அந்த நகரம் 1,710 ஏக்கர். அவ்வளவு நிலத்தையும் ஒரு முறை நடந்து பார்த்த பிறகு மண்ணைக் கிளறுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மலம்புழையை நினைத்துப் பாருங்கள். 1955-ல் சென்னை மாநில முதல்வராக இருந்த காமராஜர் அணையைத் திறந்துவைத்தார். அந்தத் தண்ணீர் பாலக்காட்டு வயல்களுக்குச் சோறு போட்டது, அணை வேண்டாம் என்று எவர் சொல்வார்? ஆனால் 70 ஆண்டு கழித்து, 2025 மார்ச்சில், அந்த நீர்த்தேக்கத்தின் தீவு மேடுகளில் 45 ஹெக்டேரில் 110-க்கும் மேற்பட்ட பெருங்கற்காலச் சின்னங்களைக் கண்டதாக இந்தியத் தொல்லியல் துறை அறிவித்தது. பெரும்பாலும் கற்பதுக்கைகள், அதாவது கற்பலகை வைத்துக் கட்டிய கல்லறைகள். மேட்டில் இருந்தவை தப்பின. பள்ளத்தில் எத்தனை இருந்தன என்று இனி யாரைக் கேட்பது?

அதே காலத்தில் ஆந்திரத்தின் நாகார்ஜுனகொண்டாவில், அணை நீர் ஏறுமுன் 1954 முதல் 1960 வரை தோண்டி, முக்கியமானவற்றை மேட்டுக்கு மாற்றினார்கள். நமக்குத் தெரியாத வேலை இல்லையே! பிரான்ஸில் 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த ஆய்வுக்குக் கட்டுமானக்காரரே பணம் கட்டுகிறார். இங்கும் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும். அதுவரை கையில் இருப்பது 2013 நிலமெடுப்புச் சட்டம். அதன் சமூகத் தாக்க மதிப்பீட்டில் இடுகாடுகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். பெருங்கற்கால இடுகாடும் இடுகாடுதான் என்று எழுந்து சொல்லுங்கள்.

? தங்கக் காசு கிடைத்தால் எனக்கா, அரசுக்கா?
*வாசகர், கோவிந்தாபுரம்*

முதலில் கலெக்டருக்குத் தகவல். உங்கள் பக்கம் கேரளத்தின் 1968-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பொள்ளாச்சிப் பக்கம் 1878-ஆம் ஆண்டுச் சட்டம். பங்கு பற்றிய பேச்சு அப்புறம்தான். எல்லைக்கல் நட்டது நாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே போய்வந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே தடம்.

? ஜேசிபி வாளியில் தாழி தட்டிவிட்டது. இப்போது என்ன செய்ய?
*ஓட்டுநர், வண்ணாமடை*

வண்டியை நிறுத்துங்கள். தாழியைத் தூக்காதீர்கள், கழுவாதீர்கள், உள்மண்ணைக் கொட்டாதீர்கள். பழனி அருகே பொருந்தலில் ஒரு கல்லறைச் சாடிக்குள் இருந்த நெல்தான் கி.மு. 490 என்ற காலக்கணிப்பைத் தந்தது. அதைக் கொட்டிக் கழுவியிருந்தால் போச்சு! பக்கத்தில் ஒரு மண்வெட்டியை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். ஈரச் சாக்கு போட்டு மூடிவிட்டு, வில்லேஜ் ஆபீஸுக்குப் போன் போடுங்கள்.