நிலக்கரி வகுப்பில் ஒரு டிக்கெட்

அனுப்புநர்: வள்ளூர்வாசி, மீஞ்சூர் அருகில்.
பெறுநர்: தலைவர், சென்னைத் துறைமுக ஆணையம், ராஜாஜி சாலை, சென்னை.
பொருள்: சொகுசுப் பயணம் – நிலக்கரிக்கு இணையான வசதி கோருதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிய கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பலுக்கு இப்போதுதான் வாழ்த்துச் சொல்கிறேன். வாழ்த்து எண்ணூர் விரைவுச் சாலை வழியாக வந்ததால், கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றுவிட்டது. மன்னிக்கவும்.

போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டோம். பதினோரு தளங்கள், ஏறத்தாழ 800 அறைகள், நீச்சல் குளம், நாடக அரங்கு, ஏறி விளையாட ஒரு சுவர், விடிய விடியச் சாப்பாடு. கரையை விட்டு விலகியதும் சூதாட்ட மேசை. புதுக் கப்பல் என்றார்கள். 1990இல் பிரான்சில் கட்டி, ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் கரீபியன் கடலில் ஓடியதாம். அந்த வயதில் எங்கள் ஊர் பஸ் காயலான் கடைக்குப் போய்க் கம்பியாகவே வெளியே வந்துவிடும். குறையாகச் சொல்லவில்லை.

எனக்கு அதிகம் பிடித்தது ‘ஹை சீ’ பயணம்தான். நடுக்கடலுக்குப் போய், எந்த ஊரிலும் இறங்காமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது. இறங்காமல் திரும்பும் கலையை அந்த ஜூன் மாதமே பழக்கிவிட்டார்கள். சூதாட்டத்துக்கு அஞ்சிய புதுச்சேரி அனுமதி மறுத்ததால், பயணிகள் பிரெஞ்சுத் தெருவைக் கப்பலிலிருந்தே ரசிக்க நேர்ந்தது. ஒரு காலத்தில் இதே துறைமுகத்தில் ‘ரஜூலா’ கப்பலில் ஏறி, வெறும் தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள் நம் ஆட்கள். பாவம், அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய ஊர் என்று ஒன்று இருந்தது.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். உங்கள் கடலில் உண்மையான சொகுசுப் பயணி யார் என்று வள்ளூரில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அது நிலக்கரி. ஒடிசாவில் தால்ச்சர் சுரங்கத்தில் ரயில் ஏறுகிறது. பாராதீப்பில் கப்பல் மாறுகிறது. எண்ணூரில் காமராஜர் துறைமுகத்தில் இறங்குகிறது. இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டியதில்லை. தலைக்கு மேல் கூரை போட்ட கன்வேயர் பெல்ட்டில் படுத்தபடியே எங்கள் ஊர் அனல் மின் நிலையத்துக்கு வந்துவிடுகிறது. லாரி நெரிசல் கிடையாது, குழியில்லை, டோல் இல்லை. வந்ததும் 1,500 மெகாவாட் அடுப்பில் ராஜ மரியாதை. மிச்சமாகும் சாம்பலுக்குக்கூட நிரந்தரக் குடியிருப்பு உண்டு. எங்களில் பலருக்குப் பட்டாவே இல்லை.

இந்த விருந்தாளி முன்பு உங்கள் வாசலிலும்தான் இறங்கிக்கொண்டிருந்தார். ராயபுரத்து மாடிகளில் காயும் துணியெல்லாம் கறுத்தது. 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளக் கூடாது என்றது உயர் நீதிமன்றம். சாலைக்கு எதிர்ப்புறமே நீதிமன்றம் இருப்பது ஒரு சௌகரியம். எங்களுக்கு எதிர்ப்புறம் இருப்பது சாம்பல் குளம். கரி வடக்கே வந்தது. உங்கள் பக்கம் காற்று தெளிந்தது, 17.21 கோடி ரூபாயில் பன்னாட்டுப் பயணிகள் முனையம் எழுந்தது. 2023 ஜூனில் இலங்கைக்கே கப்பல் விட்டீர்கள். 2020இல் மத்திய அரசின் பங்கை வாங்கிய பிறகு காமராஜர் துறைமுகமும் முழுக்க உங்களுடையது. ஒரே வீட்டில் மூத்தவளுக்குக் கூடத்தில் ஊஞ்சல், இளையவளுக்குக் கரியடுப்பு. பரவாயில்லை, ஊஞ்சலில் ஒருமுறை உட்காரக் கேட்கிறோம்.

சும்மா கேட்கவில்லை. பதிலுக்குக் கரைச் சுற்றுலா தருகிறோம். கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் மின் நிலையத்து வெந்நீர் கலக்கும் இடத்தில் இயற்கையல்லாத வெந்நீர்க் குளியல். சாம்பல் பூச்சு இலவசம். இறாலைத் தேடும் போட்டி, கண்டுபிடித்தவருக்குப் பரிசு. வாளியால் எண்ணெய் அள்ளும் விளையாட்டும் உண்டு: 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது கற்றுக்கொண்டோம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது மறுபடி பயிற்சி எடுத்தோம். ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை, வலைகள் கறுத்ததால் வேலையில்லாமல் இருந்தவர்கள் ஏராளம்.

எனவே, அறை வேண்டாம், பால்கனி வேண்டாம், சூதாட்டமும் வேண்டாம். கரைக்கு வருமா வராதா என்று தெரியாத மீனை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. நிலக்கரி வகுப்பில் ஒரு டிக்கெட் போதும். வீட்டு வாசலிலிருந்து கப்பல்வரை கூரை போட்ட பெல்ட்டில் என்னை ஏற்றிவிட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வள்ளூர்வாசி

இணைப்பு: ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், நெஞ்சு எக்ஸ்ரே.
எடை: 58 கிலோ. டன் கணக்கில்தான் பதிவு செய்வீர்கள் என்றால் சொல்லியனுப்பவும், தெருவையே சேர்த்து எழுதித் தருகிறேன்.