உப்பும் புளிப்பும்

மொன்றியலில் பனிக்காலம் வந்தால் தெருவுக்கு உப்புப் போடுவார்கள். சப்பாத்து அதை வீட்டுக்குள் கொண்டுவரும். தரையில் வெண்கறையைக் கண்டதும் வீட்டார் வினாகிரிப் போத்தலைத் தூக்குவார்கள். உப்பும் புளிப்பும் தயார், ஊறுகாய்க்கு மிளகாய்த்தூள்தான் பாக்கி. ஆனால் கல்தரைக்கு இந்தப் புளிப்பு ஆகாது. இந்நகரின் பழைய சாம்பல்நிறக் கட்டடங்கள், 1829இல் திறந்த நொத்ர்-தாம் தேவாலயம் உட்பட, சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. அந்தக் கல்லும் சரி, நம் கூடத்துப் பளிங்கும் சரி, பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினாகிரியில் உள்ள அமிலம் பட்டால் கரையும். அழுக்குப் போவது மெய்தான், கூடவே கல்லும் போகிறது. "எங்களுடையது வழவழப்பான டைல்ஸ், அதற்கு ஒன்றும் ஆகாதே" என்பார்கள். டைல்ஸுக்கு ஆகாதுதான், இடுக்கில் இருக்கும் சிமெந்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அது அரிபட்டுக்கொண்டே போகும். உப்போ வெறும் தண்ணீரிலேயே கரைகிற சாது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று தரம் துடையுங்கள், வினாகிரியைச் சமையலுக்கு விட்டுவிடுங்கள்.