பூட்டு இல்லாதது பூங்கா ஆகுமா? குன்றாண்டார்கோவிலை முன்வைத்து ஓர் ஆய்வு

குன்றாண்டார்கோவிலில் பூங்கா உண்டா என்ற கேள்வியை அறிவுலகம் இதுவரை சீண்டவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத்துக்கே பெயர் கொடுத்த ஊர். பல்லவ மன்னர்கள் நந்திவர்மன், தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள குடைவரைக் கோயில். வந்து போன அறிஞர்கள் குன்றுக்குள் குடைந்ததை அளந்தார்கள், படியெடுத்தார்கள். வெளியே வந்து எந்த மரத்தடியில் வேர்வை துடைத்தார்கள் என்பதைத்தான் எழுத மறந்தார்கள். அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முதலில் சொல்லாராய்ச்சி. பூங்கா என்பது பூ, கா என்று பிரியும். கா என்றால் சோலை. திருக்கோலக்கா, திருநெல்லிக்கா, திருக்கோடிக்கா எல்லாம் அந்தக் காவே. நமக்குக் கிட்டத்தில் இருப்பது திருவானைக்கா. அங்கே போய் யானை உலவிய சோலையைக் கேட்டால், தலமரமான வெண்ணாவலைக் காட்டுவார்கள். சோலை போனாலும் கா போகாது என்ற மொழியியல் விதி இதிலிருந்து கிடைக்கிறது. குன்றாண்டார்கோவில் இதற்கு நேர் எதிர். பெயரில் கா இல்லை. ஆனால் உட்கார இடம் இருக்கிறது.

அடுத்து இலக்கணம். தற்காலப் பூங்காவுக்கு உறுப்புகள் நான்கு: கேட்டு, பூட்டு, திறந்து வைத்தவர் பெயர் பொறித்த கல், சறுக்கு மரம். நான்காவதை ஊன்றிப் பார்க்க வேண்டும். நான் பார்த்த ஒரு பூங்காவில் (ஊர்ப்பெயர் வேண்டாம்) நட்ட கன்றெல்லாம் பட்டுப்போய், எஞ்சி நின்ற ஒரே மரம் சறுக்கு மரம்தான். தகரம். சித்திரை மாதத்து மதியத்தில் அரை டவுசரோடு அதன் உச்சியில் உட்கார்ந்த பையன் ஒருவன் மறு நொடி எழுந்துவிட்டான். சறுக்காமல் ஏறின ஏணி வழியாகவே இறங்கி, தொடையைத் தடவிக்கொண்டே பக்கத்து வேப்பமரத்தடிக்குப் போனான். அந்த வேம்பு வேலிக்கு வெளியே இருந்தது.

இங்கிருந்து என் ஆய்வு நிழலுக்குத் தாவுகிறது. இந்த ஊரின் பூங்கா நிழல்தான் என்பது என் துணிபு. அதை வருவாய்த்துறை ஏற்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காலையில் மரத்துக்கு மேற்கே புறம்போக்கில் கிடக்கிற நிழல், சாயங்காலம் கிழக்கே யாரோ ஒருவரின் பட்டா நிலத்தில் கிடக்கிறது. தினமும் சர்வே நம்பர் மாறுகிற சொத்துக்கு எந்தத் தாசில்தார் ‘அ’ பதிவேட்டில் இடம் கொடுப்பார்? ஊர்க்காரர்கள் இதற்குத் துண்டு முறையைக் கையாளுகிறார்கள். தோளில் கிடக்கிற துண்டை விரித்தால் அது உரிமைப் பத்திரம். வெயில் முழங்காலில் ஏறியதும் துண்டை ஒரு முழம் இழுத்துப் போட்டால் பட்டா மாறுதல். கட்டணம் கிடையாது.

ஆண்டில் இரண்டு நாள், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் பின்பாதியிலும், நண்பகலில் சூரியன் இந்த ஊருக்கு நேர் உச்சியில் வரும். நிழலில்லா நாள் என்கிறார்கள். நட்டு வைத்த குச்சிக்குத்தான் அது பொருந்தும். அன்று உச்சிப்பொழுதில் வேம்பின் நிழல் அதன் காலடியிலேயே கிடக்கும். எல்லை வழக்கே கிடையாது. பனைமரம் தனி வகை. அதன் நிழல் ஒரு ஆளுக்குத்தான், அதுவும் நின்றால். புளியமரத்தடியைப் பகலில் மட்டும் கணக்கில் சேர்த்தேன். இரவில் கள ஆய்வு செய்ய எனக்குத் துணை கிடைக்கவில்லை.

தைலமரக் காட்டைப் பூங்காவில் சேர்க்கலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். புதுக்கோட்டை மாவட்டம் உருவானது 1974-ல். தைலமரம் வளர்க்கிற தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் அதே 1974-ல்தான். இரட்டைப் பிள்ளைகள் என்றே சொல்லலாம். தைலமரம் வரிசையாக நிற்கும், பச்சையாக இருக்கும், காற்றடித்தால் மணக்கும். ஆனால் அதன் இலை வெயிலுக்கு முகம் கொடுக்காமல் விளிம்பைக் காட்டித் தொங்குவதால் கீழே விழுவது சல்லடை நிழல். போதாததற்கு, காட்டுக்குள் போட்ட வரப்புகள் மழைத்தண்ணீரைக் கண்மாய்க்கு வரவிடாமல் தடுக்கின்றன என்று இந்த மாவட்டத்து விவசாயிகள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ‘மரம் உண்டு, கா இல்லை’ என்று வகைப்படுத்திவிட்டு நகர்கிறேன். சீமைக் கருவேலத்தைப் பற்றி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே பேசிவிட்டதால் நான் பேசவில்லை. நூறு நாள் வேலையில் நட்ட வேப்பங்கன்றை ஆட்டிடமிருந்து காப்பது அதே கருவேல முள்தான் என்பதை மட்டும் அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சுவது நூற்றுக்கால் மண்டபம். விஜயநகரக் காலத்தது, சக்கரமும் குதிரையும் வைத்துத் தேர் வடிவில் செய்திருக்கிறார்கள். பாரி முல்லைக்குத் தேரை விட்டுவிட்டு நடந்து போனான் என்று படித்திருக்கிறோம். இங்கே முல்லையைக் காணோம், தேர் நிற்கிறது. ஓடுகிற மாதிரி செதுக்கிய தேர் ஒரு அங்குலம் அசையவில்லை. அசையாமல் நிற்கிற வேம்பின் நிழலோ பொழுதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. மண்டபத்துக்குள் கல் சில்லென்று இருந்தது. குறிப்பேட்டைத் தலைக்கு வைத்து, இந்தக் கருதுகோளை அரை மணி நேரம் கண்ணை மூடிச் சரிபார்த்தேன்.

கடைசியாக நேர்காணல். வெளியே மரத்தடியில் துண்டு விரித்திருந்த பெரியவரிடம் போனேன்.

“ஐயா, இந்த ஊர்ல பூங்கா எங்க இருக்கு?”

“பார்க்கா? அதுக்கு நீங்க புதுக்கோட்டையில்ல போகணும் தம்பி.”

“பஸ் எப்ப வரும்?”

“இப்பத்தான் போச்சு.” துண்டை ஒரு முழம் இழுத்துப் போட்டு இடம் கொடுத்தார். “அடுத்தது வர்ற வரைக்கும் இப்படி நிழல்ல உக்காருங்க.”